ஒதுக்குவாய்

ஒரு துளிச் சளிக்குள் எவ்வளவு இரும்பு ஒளிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் சில்லை உருவாக்கிய கோகிலவாணி, அதன் உறுப்புகளுக்கான பெயர்களையும் தானே சூட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அஞ்சல்தலை அளவே உள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு அது. அதனுள்ளே தலைமுடியைவிடச் சற்றே அகலமான ஒரு கால்வாய் ஓடியது. பாதி வழியில், அதன் ஓரத்தில் ஒரு சிறு காந்தம் பதிக்கப்பட்டிருந்தது. நீர் கலந்து இளக்கிய சளி அக்கால்வாயில் வழிந்து செல்லும்போது, இரும்புத் துகளை விழுங்கியிருக்கும் செல்கள் மட்டும் காந்தத்தின் பக்கம் சாய்ந்து ஒரு கிளைவழியே வெளியேறும். மற்றவை நேராகப் போகும். நேர்வழிக்கு 'நேர்வாய்' என்றும், சாய்வழிக்கு 'ஒதுக்குவாய்' என்றும் பெயரிட்டாள்.

ஆய்வுக்கூடத் தலைவர் தெய்வசிகாமணி வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா கோகிலா, இது பேரா, வினைமுற்றா? ஒதுக்குவாய்னா, யாரை ஒதுக்குவாய்?"

"துளை சார். வெளியேறுற வாய்."

"எனக்குப் புரியுது. படிக்கிறவனுக்குப் புரியணுமே."

கோவையின் வார்ப்பாலைகளுக்காகவே அந்தச் சில்லு உருவானது. அச்சிலிருந்து எடுத்த வார்ப்பைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பிசிறு நீக்கும்போது இரும்புத் தூளும், அச்சு மணலின் நுண்தூளும் ஒன்றாகவே பறக்கின்றன, ஒன்றாகவே மூச்சில் ஏறுகின்றன. நுரையீரலைக் கொல்வது மணல். ஆனால் மணலைக் காந்தம் அறியாது. ஆகவே கூடவே பயணம் செய்த இரும்பை எண்ணினால் போதும். 'மணல் குற்றவாளி, இரும்பு சாட்சி' என்று தன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்.

சோதனை முடிவாக இயந்திரம் அச்சிட்டுத் தரும் சீட்டின் வாசகமும் அவளுடையதே. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டினால், 'இத்தொழிலாளருக்கு ஒதுக்கம் தேவை' என்று அச்சாகும். ஒதுக்கம் என்ற அந்தச் சொல்லை அவள் இரண்டு நாள் யோசித்துத் தேர்ந்தாள். நிதி ஒதுக்குகிறோம், இடம் ஒதுக்குகிறோம். அதுபோல, தூசி குறைந்த ஒரு வேலையை இவருக்கென ஒதுக்கித் தர வேண்டும் என்பதே அவள் கருதிய பொருள்.

இயந்திரம் இருபத்திரண்டு ஆலைகளின் வாசலுக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆனபின், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆய்வுக்கூடத்தின் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டாக்டரம்மா இருக்கறாங்களா?"

"நாந்தாங்க. ஆனா நான் ஊசி போடற டாக்டர் இல்லீங்க."

"அது தெரியுமுங்க. எச்சி டாக்டர் எங்கன்னு கேட்டேன். வாட்ச்மேன் நேரா இங்க கை காட்டிட்டாரு."

மேசையில் இருந்த ஆய்வு மாணவி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனாள். கோகிலவாணியும் சிரித்தாள். "உக்காருங்க. என்ன விஷயம்?"

"என்னைய ஒதுக்கிட்டாங்க."

ஊராலா, உறவாலா என்றுதான் அவள் மனம் முதலில் போயிற்று. தமிழில் அந்த வினைக்கு அதுவே இயல்பான திசை என்பதை அக்கணத்தில் அவள் கவனிக்கவில்லை. வந்தவர் சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் உறையில் பத்திரப்படுத்திய ஒரு சீட்டை எடுத்து அவள்முன் வைத்தார். நாச்சிமுத்து, பிசிறு நீக்கும் பிரிவு, கதிர்நிலா காஸ்டிங்ஸ். எண்ணிக்கை: 63. கீழே அவளுடைய வாக்கியம்.

"பதினாலு வருசமா அந்த பெஞ்சுல நிக்கறேனுங்க. என்ற பக்கத்து சக்கரத்துல என்ற ஊட்டுக்காரி மரகதம். ஒரே தூசி, ஒரே காத்து. திங்கக்கெழமை காலைல கேட்டுல டப்பாவுல துப்பச் சொல்லுவாங்க. எனக்கு அறுவத்திமூணு வந்துச்சு. அவளுக்கு மூணு. மிச்ச அறுவதை நான் எங்கிருந்துங்க வாங்கியாந்தேன்?"

"இந்தச் சீட்டுல உங்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்லலீங்களே."

"ஒதுக்கம்னு போட்டிருக்குதுங்களே."

"அது வேற வேலை ஒதுக்கிக் குடுக்கச் சொல்றதுங்க. தூசி இல்லாத வேலை."

நாச்சிமுத்து சீட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலால் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தார். "நான் ஆறாவதோட நின்னவனுங்க. ஆனா ஒதுக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அவரே தொடர்ந்தார். "வேற பட்டறைக்குப் போனா அங்கயும் இதே டப்பாதானுங்க. துப்பாம உள்ள உடமாட்டீங்கறாங்க. துப்புனா உள்ள உடமாட்டீங்கறாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. அவ வேலைக்குப் போறா, நான் ஊட்டுல சோறு பொங்கறேன். அது பரவால்லீங்க. எண்ணு கம்மியா வந்தவங்களுக்குக் குடுக்கற பச்சை அட்டையைக் கழுத்துல மாட்டிட்டு, 'ஏனுங் அழுக்கு, கொழம்புல உப்பு போட்டீங்களா'ங்கறா. அதத்தான் பொறுக்க முடியல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"வேலை வேணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். மிசினு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"மிசினு தப்பா சொல்லாதுங்க. சொன்னதைத் தப்பாப் படிச்சிருக்காங்க. நான் வந்து பேசறேன்," என்றாள் கோகிலவாணி. அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த உறுதியைப் பின்னாளில் அவள் வெட்கத்தோடு நினைத்துக்கொண்டாள்.

கதிர்நிலா காஸ்டிங்ஸின் பணியாளர் மேலாளர் பாலதண்டபாணி, கோபப்பட வேண்டிய அவசியமே வாழ்வில் நேராதவர்களுக்குரிய மென்மையோடு பேசுபவர். காபி வரவழைத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். அவள் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பினை எடுத்தார்.

"மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா சட்டப்படி நான் உங்க மனசைப் படிக்க முடியாதுங்களே. சீட்டைத்தான் படிக்க முடியும். ஒதுக்கம் தேவைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஒதுக்கிட்டோம். ஒதுக்காம விட்டு, நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, டாக்டரேட் வாங்குன ஒருத்தங்க எழுதிக் குடுத்தும் கேக்கலைன்னு எங்களைத்தானே சொல்லுவாங்க?"

"தூசி குறைஞ்ச வேற பிரிவுக்கு மாத்தச் சொல்றேன்."

"அப்படி ஒரு பிரிவு இங்க இருந்தா நானே அங்க போயிருவேன் மேடம்." அவர் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டார். "இன்னொண்ணு. மரகதம்னு ஒரு அம்மா. அவரோட மனைவிதான். அதே பெஞ்ச், அதே ஷிப்ட், அதே பதினாலு வருசம். அவங்களுக்கு மூணு. அப்ப எங்க பெஞ்சுல தூசி இல்லைன்னுதானே அர்த்தம்? இவரு அறுபத்திமூணை வெளிய எங்கயோ வாங்கியிருக்காரு. இதை நான் சொல்லலீங்க, உங்க மிசின் சொல்லுது."

"ரெண்டு பேருக்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம்னு நான் கண்டுபிடிச்சுச் சொன்னா?"

"எழுத்துல குடுங்க. நீங்க எழுதுனதை நாங்க என்னைக்காவது மீறியிருக்கோமா?"

வெளியே வரும்போது, வாசலில் மாலை ஷிப்டுக்கான வரிசை நின்றது. திங்களன்று சோதனையில் விடுபட்ட ஒரு பெண் சிறு டப்பாவை வாயருகே பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் காறினார். தன் சில்லு தொடங்கும் இடத்தைக் கோகிலவாணி அன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தாள்.

வார விடுமுறை நாளில் மரகதம் கணவனோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று இடங்களில் நின்றதாக நாச்சிமுத்து சொன்னார்.

"நின்னது உங்களுக்காக," என்றார் மரகதம், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி. மெலிந்த தேகம், எடுப்பான மூக்குத்தி, கழுத்தில் பச்சை அட்டை. விடுமுறையிலும் அதை அவர் கழற்றவில்லை. "அழுக்கு மனுசன் மூச்சு வாங்குவாரேன்னு நான் நின்னு நின்னு வந்தேன் அம்மிணி."

"கேட்டுக்கங்க டாக்டரம்மா. ஊட்டுலயும் இதே பாட்டுதான்."

"பின்ன? அறுவத்திமூணு யாருக்கு வந்துச்சு? எனக்கா?"

கோகிலவாணி இருவருக்கும் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்தாள். நாச்சிமுத்து ஜன்னல்பக்கம் போய் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்தார். டப்பாவின் அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. மரகதத்துக்குத்தான் நேரமாயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினார். இருமல் வறண்டதாக, எதையும் கொண்டுவராததாக இருந்தது.

"எனக்குச் சளியே கட்டாதுங்க," என்றார் அவர், சற்றுப் பெருமையோடு. "திங்கக்கெழமை துப்பறதுக்கே படாத பாடு படோணும். இவருக்குப் பாத்தீங்கன்னா கரிச்சட்டி கழுவுன தண்ணியாட்டக் கொட்டும்."

"எத்தனை நாளாங்க உங்களுக்குச் சளி வர்றதில்லை?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்க. அதுக்கு முன்ன எனக்கும் இவராட்டத்தான்."

கோகிலவாணி இரண்டு மாதிரிகளையும் சில்லில் செலுத்தினாள். திரையில் நாச்சிமுத்துவின் எண் மீண்டும் அறுபதைத் தாண்டியது. மரகதத்தின் எண் இரண்டில் நின்றது. இயந்திரம் சரியாகவே இயங்கியது. வழக்கமாக இவ்விடத்தில் அவள் சில்லைக் கழுவப் போட்டுவிடுவாள். அன்று ஒதுக்குவாயிலிருந்து வடிந்த துளியை எடுத்து நுண்நோக்கியின் கீழ் வைத்தாள்.

நாச்சிமுத்துவின் துளியில் முழுச் செல்கள் இருந்தன, வயிறு நிறையக் கருந்துகள்களோடு. மரகதத்தின் துளியில் முழுச் செல் என்று சொல்லத்தக்கவை இரண்டே. மீதமெல்லாம் கிழிந்த சவ்வுகள், சிதறிய துணுக்குகள். அவற்றுக்கிடையே எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாத இரும்புப் பொடி நூற்றுக்கணக்கில் மிதந்தது. காந்தம் தன் வேலையைப் பிழையின்றிச் செய்திருந்தது, அத்தனையையும் இழுத்து ஒதுக்குவாய்க்கு அனுப்பியிருந்தது. எண்ணும் நிரல்தான் அவற்றை எண்ணவில்லை. முழுச் செல்லைவிடச் சிறிய எதுவும் வெறும் இரைச்சல், அதைத் தள்ளிவிடு என்று அந்நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவள் அவள்தான். அதை எழுதியபிறகுதான் அவளுடைய வரைபடத்தின் கோடு நடுங்காமல் நின்றது. கட்டுரையை மதிப்பிட்டவர்கள் அந்தத் தெளிவைப் பாராட்டியிருந்தார்கள்.

அவள் திரும்பியபோது கணவனும் மனைவியும் சண்டையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுங்க, எனக்குக் கொறஞ்சிருச்சா?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்க." அவள் தண்ணீர் குடித்தாள். "நெஞ்சுக்குள்ள தூசியை விழுங்குற செல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்க. உள்ள வர்ற தூசியை விழுங்கி, மேல கொண்டாந்து, சளியோட வெளிய தள்ளும். உங்களுக்கு அது நல்லா வேலை செய்யுது. அதனாலதான் எண்ணு அதிகமா வருது. அழுக்கு வெளிய வருது, அவ்வளவுதான்."

"கேட்டுக்கிட்டயா?" என்று மனைவியைப் பார்த்தார் நாச்சிமுத்து. மரகதம் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்கு அம்மிணி?"

"உங்களுக்கு அந்தச் செல்லு பாதி வழியிலயே செத்துப்போகுதுங்க."

"அப்பத் தூசி?"

"உள்ளயே இருக்குது."

சாலையில் பேருந்து ஒன்று நீளமாக ஒலியெழுப்பிக் கடந்தது. மரகதம் கழுத்தில் கிடந்த பச்சை அட்டையைக் கையில் எடுத்து, அதன் பின்பக்கம் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதுபோல் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா எனக்கு மூச்சு முட்டுது," என்றார் மெதுவாக. "டிஸ்பென்சரில சொன்னா, 'உனக்குப் பச்சை அட்டை இருக்குது, உனக்கொண்ணும் இல்ல'ன்னு திருப்பி உட்டுட்டாங்க. எனக்கும் அது நெசம்னுதான் இருந்துச்சு. படிச்சவங்க செஞ்ச மிசினு சொல்லுதேன்னு."

மறுநாள் கோகிலவாணியே இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே படம் எடுக்க ஏற்பாடு செய்தாள். நாச்சிமுத்துவின் நுரையீரலில் தூசியின் நிழல் மெல்லியதாக இருந்தது. மரகதத்தின் நுரையீரல் மேற்பகுதி முழுவதும் கல் பாவியதுபோல் வெள்ளையாக இறுகியிருந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். "வேலையிலங்க," என்றார் மரகதம்.

தெய்வசிகாமணி அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தார்.

"மத்த ஆலைகள்லயும் பாத்தியா?"

"பழைய பதிவுகளை எடுத்தேன் சார். தள்ளிவிட்ட இரைச்சலைத் திரும்ப எண்ணிப் பாத்தேன். அஞ்சுக்குக் கீழ வந்து பச்சை அட்டை வாங்குன பழைய ஆளுங்க நூத்திப்பத்து பேர். எல்லாரும் இவங்களை மாதிரிதான் இருக்கணும்."

"திருத்தம் எழுதப்போறே."

"எழுதணும் சார். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கணும். அந்தம்மாவுக்கு வைத்தியம் கிடைக்கணும்."

"கோகிலா." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் அவர். "நான் தடுக்கலை. உன் பேரு கெடும், என் பேரும் கெடும், கெடட்டும். ஆனா ஒண்ணு யோசி. நம்ம கையில இருக்கிறது பிரிக்கிற கருவி. எதைப் பிரிக்கணும்னு நாம சொல்லலாம். பிரிச்சதை வெச்சு என்ன செய்யணும்னு சொல்ற இடத்துல நாம இல்லை."

"போன தடவை சொல்லுல தப்பு பண்ணேன் சார். இந்தத் தடவை ரெண்டு அர்த்தத்துக்கு இடமில்லாம எழுதறேன்."

ஒரு வாரம் அவள் அந்தத் திருத்த அறிக்கையை எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் எதிரியின் கண்ணோடு வாசித்தாள். வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் எழுவாயையும் செயப்படுபொருளையும் தேடி வைத்தாள். எவருக்கு, எது, எவர் செய்ய வேண்டும் என்பது விடுபடாமல் பார்த்துக்கொண்டாள். ஒதுக்கம் என்ற சொல்லை முழுவதுமாக நீக்கினாள். இறுதியில் அது இவ்வாறு அமைந்தது: 'எண்ணிக்கை நாற்பதுக்கு மேல் இருப்பின், தொழிலாளரின் நுரையீரல் துப்புரவுத் திறன் நல்ல நிலையில் உள்ளது. அவரைப் பணிநீக்கம் செய்ய இவ்வெண்ணிக்கை காரணமாகாது. பணியிடத்தில் தூசி மிகுந்திருப்பதால் ஆலை நிர்வாகம் அதனைக் குறைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவரின் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழ் இருப்பின், அவருடைய நுரையீரல் துப்புரவுத் திறனை இழந்துள்ளது. அவரைத் தூசியிலிருந்து உடனடியாக விலக்கி மருத்துவம் அளிக்க வேண்டும்.'

மாணவர்களிடமும் அதைக் கொடுத்து, வேறு பொருள் ஏதேனும் எடுக்க முடிகிறதா என்று கேட்டாள். எவராலும் எடுக்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆலைகளுக்கும் அறிக்கை ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. பாலதண்டபாணி நன்றி தெரிவித்து உடனே பதில் அனுப்பினார். அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் பண்பை அவர் வெகுவாகப் பாராட்டியிருந்தார்.

ஏழு வாரங்களுக்குப் பின்னொரு சனிக்கிழமை மதியம் நாச்சிமுத்து வந்தார். கையில் தேங்காய் பன் பெட்டி ஒன்று. சட்டைத் தோளில் இரும்புத் தூள் மினுங்கியது.

"வேலை குடுத்துட்டாங்க டாக்டரம்மா! சேந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நானே வந்து சொல்லோணும்னு இருந்தேன், லீவு கெடைக்கல." பெட்டியை அவள் மேசையில் வைத்தார். "எல்லாம் உங்க லெட்டர்தானுங்க. மேனேஜரு கேட்டுக்கு முன்னால எல்லாரையும் நிக்க வெச்சு அவரே படிச்சாரு. 'நாச்சிமுத்து நுரையீரல் நல்ல நிலையில் உள்ளது'ன்னு என்ற பேரைச் சேத்தே படிச்சாரு. ஒதுக்குனவங்கள்ல முப்பத்தெட்டு பேரைத் திரும்பக் கூப்புட்டுட்டாங்க."

"தூசியைக் குறைக்கச் சொல்லி எழுதியிருந்தேனே. அதைப் படிச்சாரா?"

"படிச்சாருங்க. தூசி உறிஞ்சற மிசினு ஒண்ணு வாங்கறதாத்தான் இருந்துச்சாம். 'தூசியை அதுவா வெளிய தள்ளற நெஞ்சு இருக்கற ஆளுங்களா எடுத்துட்டம்னா, அந்த மிசினு எதுக்கு'ன்னாரு. இப்ப வேலைக்குன்னு யாரு வந்தாலும் முதல்ல எண்ணுதான் பாக்கறாங்க. பழைய ஆளுன்னா நாப்பதுக்கு மேல இருக்கோணும். இருந்தா இன்னும் பத்து வருசம் தாங்குவான்னு கணக்காமுங்க."

கோகிலவாணி எழுந்து கதவைச் சாத்தினாள். "மரகதம்?"

"நிறுத்திட்டாங்க. அதுல தப்புச் சொல்ல முடியாதுங்க, அவளால நிக்க முடியலையே. ஊட்டுல ஆக்ஸிசன் வெச்சிருக்குது. வைத்தியச் செலவுக்கு இன்சூரன்சுல எழுதிப் போட்டோம். திருப்பி அனுப்பிட்டாங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "தூசியால வந்திருந்தா ஒரே பெஞ்சுல நின்ன புருசனுக்கும் வந்திருக்கோணுமாம். அவருக்கு நல்ல நிலைன்னு அதே லெட்டர்ல இருக்குதாம். அதனால இது தூசி இல்லை, அவ உடல்வாகுன்னு எழுதியிருக்காங்க. 'துப்புரவுத் திறனை இழந்துள்ளது'ன்னு நீங்க எழுதுனீங்களே, அதுக்குக் கீழ கோடு போட்டு வெச்சிருக்காங்க. எவனும் புடுங்கிக்கல, அவளே எங்கயோ தொலைச்சுட்டா அப்புடீன்னு அர்த்தமாமுங்க."

"நான் வந்து பேசறேன். நான் சாட்சி சொல்றேன். படம் இருக்குது, பதிவு இருக்குது..."

"வேண்டாமுங்க." அவர் பதறிப் போய் எழுந்தார். "தயவுசெஞ்சு இன்னொரு லெட்டர் மட்டும் எழுதீராதீங்க. இப்ப என்ற வேலையிலதான் அவ மூச்சு ஓடுது. சிலிண்டரு மாத்தறது, மருந்து, எல்லாம் அதுலதான். இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்."

அவர் வேண்டுகோளில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். தான் எழுதிய அறிக்கையில் ஒரு சொல்லும் திரிக்கப்படவில்லை என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். முதல்முறை, தான் கருதாத பொருளை எடுத்துக்கொண்டார்கள். இம்முறை, தான் கருதிய பொருளையே எடுத்துக்கொண்டார்கள்.

"நான் வந்தது வேற ஒரு சந்தேகத்துக்குங்க," என்றார் நாச்சிமுத்து, மீண்டும் உட்கார்ந்து. "ஊட்டுல சும்மா இருந்தேன் பாருங்க, அதுல எனக்கு எண்ணு எறங்கிருச்சு. திரும்பச் சேந்தப்ப அம்பத்தொண்ணு. போன வாரம் நாப்பத்திநாலு. நாப்பதுக்குக் கீழ போனா நிறுத்தீருவாங்க. அதை ஏத்தறதுக்கு என்னுங்க பண்ணோணும்? மருந்து, மாத்திரை ஏதாச்சும்?"

"அப்படி மருந்து கிடையாதுங்க."

"அதையேதான் பசங்களும் சொன்னாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு தொழில் ரகசியத்தைச் சக தொழிலாளியிடம் சொல்லும் பாவனை அதில் இருந்தது. "மாஸ்க்கு போட்டு நின்னா எண்ணு எறங்குது, ஏறமாட்டீங்குதுங்க. அதனால எங்க பெஞ்சுல எல்லாரும் வியாழக்கெழமையிலிருந்தே கழட்டிப் பாக்கெட்டுல வெச்சுக்கறாங்க. பக்கத்து சக்கரத்துக்காரனுக்கு இந்தத் திங்கக்கெழமை எழுவத்தேழு. கேட்டுல கை தட்டுனாங்க. நான் இன்னும் கழட்டலீங்க. உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னுட்டு."

"கழட்டாதீங்க," என்றாள் கோகிலவாணி. "மரகதத்துக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். மூணு வருசத்துலயோ அஞ்சு வருசத்துலயோ. உங்க செல்லும் ஒரு நாள் ஓஞ்சுபோயிரும்."

"அது தெரியுமுங்க. ஊட்டுல தெனமும் பாக்கறனே." அவர் பொறுமையாகக் காத்திருந்தார். "கழட்டுனா எண்ணு ஏறுமா, ஏறாதா? அது மட்டும் சொல்லுங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். சொன்னால் அவர் முகமூடியோடு நிற்பார், எண் இறங்கும், வேலை போகும், சிலிண்டர் நிற்கும். பிறகு பக்கத்துச் சக்கரத்துக்காரனைப் பார்த்து எப்படியும் உண்மையைத் தெரிந்துகொள்வார்.

"ஏறும்," என்றாள்.

நாச்சிமுத்து கைகூப்பிவிட்டு எழுந்தார். கதவைத் திறக்குமுன் திரும்பி, பன் இன்று சுட்டது என்றும், ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.